ஆற்றங்கரைக் குடியிருப்பில் கோடையை நடத்துவது எப்படி

நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கோடையில் பிறருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. வெயில் தாழ்ந்த பிறகும் வீட்டுச் சுவர்கள் பகல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், நூறு அடி நடந்தால் காற்றோட்டமான ஒரு கரை காத்திருக்கும். ஆனாலும் பெரும்பாலான கரைகள் கோடை முழுவதும் வெறிச்சோடியே கிடக்கின்றன, அல்லது ஒரே ஒரு விழா நாளில் கூட்டம் பிதுங்கி, மறுநாள் குப்பையோடு தனித்துவிடப்படுகின்றன. ஓரிரு தெருக்களைச் சேர்ந்த சிலர் கூடிக் கரையை மூன்று நான்கு மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் எதிலிருந்து தொடங்க வேண்டும், எங்கே கவனம் வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. பணம் அதிகம் தேவைப்படாத வேலை இது. தேவைப்படுவது வாரந்தவறாத வருகை.

ஆற்றை முதலில் அளக்க வேண்டும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி சிக்கனத்துக்காகச் சொல்லப்பட்டது. ஆற்றங்கரையில் எதைச் செய்ய நினைப்பவரும் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். கோடை தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நீர்மட்டம், நீரின் நிறம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகிய மூன்றையும் எழுதி வர வேண்டும். நீர்மட்டத்துக்கு நுட்பமான கருவி எதுவும் வேண்டியதில்லை. படித்துறை இருந்தால் நீருக்கு மேலே எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணினாலே போதும். படி இல்லாத இடத்தில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்த கழியை உறுதியாக நட்டுக்கொள்ளலாம். மூன்று வாரங்களில் உங்கள் ஆறு மழைக்கு எத்தனை மணி நேரம் கழித்து உயர்கிறது, எத்தனை நாளில் வடிகிறது, மேற்பகுதியில் அணையோ மதகோ திறக்கப்படும்போது எப்படி மாறுகிறது என்பதெல்லாம் புலப்படத் தொடங்கும். தன் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைப் பற்றி இந்த அளவுகூட அறியாதவர்களே அதில் துணிந்து இறங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

நீரோட்டத்தின் வேகத்தையும் அளந்துவிடலாம். கரையோரமாகப் பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு அடையாளங்கள் வைத்து, பாதி மூழ்கி மிதக்கும் ஒரு மரக்கட்டையை மேல் அடையாளத்துக்குச் சற்று மேலேயே நீரில் விட்டு, இரண்டு அடையாளங்களுக்கும் இடையே அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. இருபது விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். பத்து விநாடி ஆனால் ஒரு மீட்டர். இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 100 மீட்டர் தூரத்தை 46.40 விநாடியில் நீந்தி 2024ஆம் ஆண்டு உலகச் சாதனை படைத்த சீன வீரர் பான் சான்லெவின் வேகமே விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்தான். அதுவும் முக்கால் நிமிடத்துக்கு மட்டும். எனவே ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டராக இருக்கும் இடத்தில் சாதாரணமாக நீந்தத் தெரிந்த ஒருவரால் எதிர்த்து நீந்தித் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப முடியாது. நீரின் வேகம் இருமடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். நேற்று முழங்கால் அளவு நீரில் அசையாமல் நின்றவர் இன்று அதே ஆழத்தில் கால் பெயர்ந்து விழுவது இதனால்தான்.

பிறகு கரையை ஒரு முறை முழுமையாக நடந்து பார்த்து, துண்டுத் தாளில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையை நீர் அரித்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஆழமும் வேகமும் மிகுதியாக இருக்கும். புல் மூடிய விளிம்பு அடியில் மண்ணின்றி வெறும் கூரையாக நிற்கவும் கூடும். உட்பக்கக் கரையில் மணல் படிந்து மேடாகும். குழந்தைகள் விளையாடும் இடம், உட்காரும் இடம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் அமைய வேண்டும். பாலத்தூண்களின் அடியில் நீர் சுழன்று குழி பறித்திருக்கும். விழுந்து கிடக்கும் மரங்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், நீர் அவற்றின் கிளைகளுக்கிடையே புகுந்து வெளியேறிவிடும், மனித உடல் வெளியேறாது. நீரோட்டத்தில் வருபவருக்கு அதைப்போன்ற பொறி வேறில்லை. தாழ்ந்த தடுப்பணை அதைவிட மோசமானது. அதன் மேல் வழியும் நீர் கீழே விழுந்து அடியிலிருந்து அணையை நோக்கியே திரும்பிச் சுழல்வதால், சிக்கியவரை மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கும். இப்படிப்பட்ட இடங்களுக்கு மேற்புறமாக நீச்சலோ படகோ கூடாது என்பதில் விவாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள்.

இறங்கலாமா என்ற கேள்வி

ஆற்றங்கரைக் கோடை என்றால் நீச்சல் என்று பொருள் அல்ல. நீரில் காலே நனைக்காமல் ஒரு கோடையை நிறைவாக நடத்தலாம். எத்தனையோ நகர ஆறுகளுக்கு அதுவே சரியான தீர்மானமும்கூட. இறங்குவதாக இருந்தால் உள்ளாட்சி நிர்வாகம் அதை அனுமதிக்கிறதா என்பதே முதல் கேள்வி. கரை ஒரு துறைக்கும், நீர் வேறொரு துறைக்கும், படகுப் போக்குவரத்து மூன்றாவது துறைக்கும் உட்பட்டிருப்பது வழக்கமானதால், ஓரிடத்தில் கிடைத்த வாய்மொழிச் சம்மதத்தை நம்பாமல் எழுத்துவடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நீரின் தூய்மை. பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழையில் அந்தக் குழாய் நிரம்பி வழியும்போது கழிவு நேரே ஆற்றில் கலக்கிறது. பாரிஸ் நகரில் 1923ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டிருந்த சேன் ஆற்று நீச்சல், 2025ஆம் ஆண்டு ஜூலையில்தான் மூன்று இடங்களில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, மழை நாளில் பொங்கும் நீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க ஐம்பதாயிரம் கன மீட்டர் கொள்ளளவுள்ள நிலத்தடித் தொட்டி ஒன்றை அவர்கள் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவும் செய்த பின்னும் மழைக்குப் பிறகு நீர் கெட்டால் சிவப்புக் கொடி ஏற்றி மூடிவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை, ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் 100 மில்லிலிட்டரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிர் 500க்குள் இருந்தால் மிகச் சிறந்தது என்றும் 1000க்குள் இருந்தால் நல்லது என்றும், பல பருவ மாதிரிகளைச் சேர்த்து மதிப்பிடுகிறது. ஆனால் வழக்கமான ஆய்வகச் சோதனையில் நுண்ணுயிர் வளர்ந்து எண்ணப்படுவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடுவதால், கையில் கிடைக்கும் அறிக்கை எப்போதும் நேற்றைய நீரைப் பற்றியதுதான். அதனால் ஆய்வறிக்கையோடு உங்கள் குறிப்பேடும் வேண்டும். பெருமழை நின்று குறைந்தது இரண்டு நாள், நீர் இன்னும் கலங்கியிருந்தால் மூன்று நாள், யாரும் இறங்குவதில்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாயத்தைக் கொட்டியது போல நீர்மேல் படலம் தெரிந்தால் அது நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அது மறையும்வரை மனிதருக்கும் நாய்க்கும் அந்த நீர் ஆகாது. எலிகள் நடமாடும் கரையில் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. உடலில் ஆறாத புண் உள்ளவர்கள் இறங்காமல் இருப்பது நல்லது. ஆற்றில் குளித்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த நோய் வெளிப்பட இரண்டு நாள் முதல் முப்பது நாள் வரை ஆகலாம்.

வெளியே வெயில் கொளுத்தும்போதும் ஆற்று நீர் சில்லென்று இருக்கலாம். 15 டிகிரி செல்சியசுக்குக் குறைவான நீரில் திடீரெனக் குதித்தால் உடல் தன்னிச்சையாக மூச்சை உள்ளிழுக்கும். அந்தக் கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் மூழ்குவார். இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடத்தில் தணிந்துவிடும் என்பதால், குதிக்காமல் படிப்படியாக இறங்குவதும், தவறி விழுந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து, காதுகள் நனையும்படி தலையைச் சாய்த்து, மூச்சு சீராகும்வரை மிதப்பதும் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டியவை. ஓட்டம் அடித்துச் சென்றால் கால்களை நீர் போகும் திசை நோக்கி நீட்டி மல்லாந்து மிதந்தபடி, நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகக் கரையை நோக்கி நகர வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கி, நீர் உடலை முன்னே மடித்துவிடும்.

நீரோட்டத்தோடு நீந்துவதையே நகர வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்ட ஊர் சுவிட்சர்லாந்தின் பாசல். அங்கே கோடை மாலைகளில் மக்கள் தம் உடைகளை நீர்புகாத பையில் சுருட்டி வைத்து, அந்தப் பையையே அணைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் மிதந்து போவார்கள். கப்பல் வழியை விட்டு வலது கரையை ஒட்டியே நீந்துகிறார்கள். அந்தப் பையை வாங்கி வருவதைவிட அவர்களுடைய ஒழுங்கைக் கற்றுக்கொள்வதே நமக்குப் பயன்: எங்கே கரையேறப்போகிறோம், அதைத் தவறவிட்டால் அடுத்து எங்கே ஏறலாம் என்ற இரண்டு இடங்களையும் கண்ணால் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

கண்காணிப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. மூழ்குபவர் கையை உயர்த்திக் கூச்சலிடுவார் என்று எதிர்பார்ப்பதே பல இறப்புகளுக்குக் காரணம். உண்மையில் மூழ்குபவரின் வாய் நீர்மட்டத்தில் இருக்கும். மூச்சுக்கே நேரம் போதாதபோது குரல் எழும்பாது. உடல் செங்குத்தாக நிற்க, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்த, தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். பார்ப்பவருக்கு அது விளையாட்டுப் போலவே தோன்றும். இந்த நிலையில் ஒருவர் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம்.

எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். குழந்தைகள் நீரருகே இருக்கும் நேரம் முழுவதும் பெயர் சொல்லி நியமிக்கப்பட்ட ஒரு பெரியவர் நீரை மட்டுமே பார்க்க வேண்டும். கைப்பேசி, புத்தகம், பேச்சு எதுவும் கூடாது. மனித கவனம் நீண்ட நேரம் நிலைக்காது என்பதால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். கழுத்தில் தொங்கும் ஒரு விசிலைக் காவல் சின்னமாக வைத்துக்கொண்டு, அதை அடுத்தவர் கழுத்தில் போடும்வரை பொறுப்பு முடியவில்லை என்று ஆக்கிவிட்டால் குழப்பம் இராது. பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை முதலில் கேலி செய்தவர்கள்தான் எங்கள் கரையில் பிறகு அதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். நீந்தத் தெரியாத குழந்தைக்கும், படகில் ஏறும் எல்லோருக்கும், அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட் கட்டாயம். காற்றடைத்த பொம்மைகளும் டயர்களும் அதற்கு மாற்று ஆகா.

ஒருவர் தத்தளித்தால் குரல் கொடுத்து அவரைக் கரைப்பக்கம் திருப்புவது முதலில். எட்டினால் கழியோ துண்டோ நீட்டுவது அடுத்து. எட்டாவிட்டால் மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறிவது அதற்கும் அடுத்து. கயிறு எறிவதற்கென்றே, ஒரு சிறு பைக்குள் மடித்துவைத்த, இருபது மீட்டர் நீள மிதவைக் கயிறுகள் கிடைக்கின்றன. பயிற்சி இல்லாதவர் காப்பாற்ற நீரில் குதிப்பது பெரும்பாலும் இரண்டாவது உயிரையும் பறிக்கிறது என்பதை இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கயிற்றை வாங்கிப் பூட்டி வைப்பதோடு நிறுத்தாமல், வாரம் ஒரு முறை பிள்ளைகளைவிட்டு, நீரில் மிதக்கும் ஒரு காலிக் குடத்தைக் குறிவைத்து எறியச் செய்யுங்கள். எங்கள் கரையில் மிகவும் விரும்பப்பட்ட விளையாட்டாக அது மாறிவிட்டது. பயிற்சி என்ற பெயரே தேவைப்படவில்லை. பெரியவர்களில் நான்கைந்து பேராவது உயிர்மூச்சு முதலுதவியை (சி.பி.ஆர்.) நேரடிப் பயிற்சியில் கற்றிருக்க வேண்டும். மூழ்கியவருக்கு மூச்சுக்காற்றே இல்லாமல் போனதுதான் இதயம் நின்றதற்குக் காரணம் என்பதால், அவருக்கு மார்பை அழுத்துவதோடு வாய்வழி மூச்சு கொடுப்பதும் இன்றியமையாதது. படித்துத் தெரிந்துகொள்ளும் வித்தை அல்ல அது.

கரையில் உட்கார வைப்பது

நிழல், இருக்கை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றில் கழிப்பறையைப் பற்றித்தான் யாரும் முதலில் யோசிப்பதில்லை. கழிப்பறை இல்லாத கரை ஒரு மாதத்துக்குள் இளைஞர்களும் ஆண்களும் மட்டும் கூடும் கரையாகிவிடும்; பெண்களும் முதியவர்களும் சிறு குழந்தை வைத்திருப்பவர்களும் அரைமணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கமாட்டார்கள். நிர்வாகத்திடம் ஒன்றே ஒன்றைக் கேட்க முடியும் என்றால் அதைக் கேளுங்கள். அது வரும்வரை, கரைக்கு அருகில் இருக்கும் நூலகமோ, பள்ளியோ, வழிபாட்டிடமோ குறிப்பிட்ட மாலையில் தன் கழிப்பறையைத் திறந்துவைக்கச் சம்மதிக்குமா என்று விசாரிக்கலாம். பராமரிப்பை ஏற்பதாக உறுதி சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இருக்கைகளைப் பொறுத்தவரை, முதியவருக்குச் சாய்மானமும் கைப்பிடியும் இன்றியமையாதவை. கைப்பிடி இல்லாத பலகையிலிருந்து அவர்களால் எழ முடியாது. சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்குக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. நிழலைத் தேடும்போது மாலை நேரத்தில் சென்று பாருங்கள். காலையில் குளுகுளுவென்று இருந்த இடம் மேற்கு வெயில் நேரே விழும் இடமாக இருக்கலாம். வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் புறஊதாக் குறியீடு மூன்றைத் தொட்டாலே தோலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீருக்குள் இருந்தால் வெயில் சுடாது என்ற எண்ணமும் தவறு. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள புறஊதாக் கதிரில் நாற்பது விழுக்காடு இறங்குகிறது. நடுப்பகலைத் தவிர்த்துக் காலையையும் மாலையையும் எடுத்துக்கொள்வதுதான் எல்லா வகையிலும் எளிது.

கோடை இடியைக் குறித்து ஒரே விதி போதும்: இடி காதில் விழுந்தால் கரையைக் காலி செய்து கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி ஓசைக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடி புகலிடம் ஆகாது.

வாரத்தில் ஒரே ஒரு மாலை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விழாவில் தொடங்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று முடிவு செய்து, ஆறு வாரங்களுக்கு அதை மாற்றாமல் நடத்துங்கள். நாங்கள் முதல் ஆண்டு மேடையும் ஒலிபெருக்கியுமாகத் தொடங்கினோம். அன்று கூட்டம் சேர்ந்தது உண்மைதான். ஆனால் யாருடைய பெயரும் யாருக்கும் தெரியாமலே கலைந்தது, ஏற்பாடு செய்த நால்வரும் களைத்துப்போய் அந்தக் கோடையில் மறுபடி கரைப்பக்கமே வரவில்லை. மறு ஆண்டு புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு இரண்டு பாய்களோடு உட்கார்ந்தபோது முதல் வாரம் ஏழு பேர்தான் இருந்தோம். நான்காவது வாரத்தில், வராமல் போனவரை ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் நிலை வந்துவிட்டது.

நேரம் நிலையாக இருப்பதன் பயன் அறிவிப்பு தேவைப்படாமல் போவதில் இருக்கிறது. தனியாக வாழும் முதியவர் ஒருவர் யாரையும் கேட்காமலே வரலாம். இன்று வராதவர் அடுத்த வாரம் வரலாம். மழையால் ஒரு வாரம் தவறினாலும் எல்லாம் குலைந்துவிடாது. ஒவ்வொரு மாலைக்கும் ஒரே ஒரு மையச் செயல் இருந்தால் போதும். ஒரு வாரம் கரையோர நடை, மறுவாரம் பறவை பார்த்தல், அதற்கடுத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை மாற்றிக்கொள்ளுதல், படகு வைத்திருப்பவர் துடுப்புப் போடக் கற்றுத்தருதல், சிறுவர்களுக்கு மணலில் கோட்டை கட்டும் போட்டி என்று மாற்றிக்கொண்டே போகலாம். அதற்கு மேல் நிகழ்ச்சிகளை அடுக்கினால் வந்தவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். பேசிக்கொண்டு சும்மா உட்காருவதற்கு நேரம் மிச்சம் இருக்க வேண்டும். அயலார் அறிமுகம் அந்தச் சும்மா நேரத்தில்தான் நடக்கிறது.

வேலைகளைப் பிரிக்கும்போது பதவிப்பெயர்களைத் தவிர்த்துச் செயல்களைக் கொடுங்கள். கயிறும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம், நீர்மட்டத்தைக் குறிப்பவர் யார், கரும்பலகையில் ஆற்று நீரின் இன்றைய நிலையை எழுதுபவர் யார், கடைசியாகப் போய் விளக்கை அணைப்பவர் யார் என்பன தெரிந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் இருக்கட்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும் கரை, அவர் வெளியூர் போன வாரம் பூட்டியே கிடக்கும். குறிப்பேட்டைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களைவிடத் தவறாமல் எழுதுவார்கள்.

சச்சரவுகள் எங்கிருந்து வரும்

மிதிவண்டியில் விரைபவர், நாயோடு நடப்பவர், தூண்டிலோடு அமைதியாக உட்கார்ந்திருப்பவர், நீந்துபவர் ஆகிய நால்வரும் ஒரே நூறு மீட்டர் கரையை விரும்புவார்கள். விதிப்பலகை வைப்பதற்கு முன், அந்த நால்வகையினரிலும் ஒருவரையேனும் புதன்கிழமை மாலைக்கு அழைத்துப் பேசிவிடுங்கள். தூண்டில் முள்ளும் வெற்றுக்காலும் ஒரே இடத்தில் கூடாது என்பதால் அவர்களுக்கிடையே இடைவெளி வேண்டும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் நேரப் பிரிவினையே போதும். தூண்டில்காரர்கள் விடியலை விரும்புவார்கள், நீந்துபவர்கள் வெயில் ஏறியபின் வருவார்கள், ஆகவே இயல்பாகவே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒலிதான் உண்மையான தலைவலி. மாலை மங்கும்போது நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெப்பமாகவும் இருப்பதால், மேல்நோக்கிச் செல்ல வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்குகிறது. தடுக்க மரமோ கட்டடமோ நீர்ப்பரப்பில் இல்லை. அதனால் உங்கள் பாட்டு உங்கள் தெருவில் கேட்பதைவிட எதிர்க்கரைக் குடியிருப்பில் தெளிவாகக் கேட்கக்கூடும். எங்களுக்கு வந்த முதல் முறையீடு எதிர்க்கரையிலிருந்துதான் வந்தது. நம்ப மறுத்து, ஒரு மாலை பாலத்தைக் கடந்து போய்க் கேட்டோம், எங்கள் பேச்சுகூடச் சொல் சொல்லாகக் காதில் விழுந்தது. ஒலிபெருக்கியைக் கைவிடுங்கள், அல்லது அதன் வாயை நிலப்பக்கம் திருப்பி வையுங்கள். முடிவு நேரத்தை எதிர்க்கரையினருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை மீறாதீர்கள். விளக்கும் அப்படியே: நீரை நோக்கி ஒளிரும் வெள்ளை விளக்கு பூச்சிகளைக் குவிக்கும், தாழ்வான, மஞ்சள் நிற விளக்குகள் தரையை நோக்கியிருந்தால் நடக்கப் போதுமானவை. மின்கம்பி இழுப்பதாக இருந்தால் கசிவு ஏற்பட்டவுடன் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு விசை இல்லாமல் நீரருகே எதையும் இணைக்க வேண்டாம்.

குப்பைத் தொட்டியை நீர் விளிம்பில் வைப்பது வழக்கமான பிழை. காற்றும் காக்கையும் அதைக் கிளறி ஆற்றிலேயே சேர்த்துவிடும். கரையிலிருந்து வெளியேறும் வழியில், எல்லோரும் கடக்க வேண்டிய இடத்தில், மூடியுள்ள தொட்டியை வைத்தால் கொண்டுபோய்ப் போடுவார்கள். கூட்டுத் தூய்மைப் பணிக்கு நீர்மட்டம் குறைந்த நாளைக் குறிப்பேட்டிலிருந்து தேர்ந்தெடுங்கள். கனமான கையுறையும் இடுக்கியும் வேண்டும், ஊசிகளையும் கண்ணாடியையும் பிள்ளைகள் தொடக் கூடாது. எடுத்ததை வகைவாரியாக எண்ணி எழுதினால், எந்தக் குப்பை கரைக்கு வருபவர்களால் வருகிறது, எது மேலிருந்து மிதந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். மிதந்து வருவதை நிறுத்த நிர்வாகத்திடம் பேச அந்த எண்ணிக்கை உதவும். தூய்மை என்ற பெயரில் நாணலையும் கரைச்செடிகளையும் வெட்டிவிடுவது அடுத்த பிழை. அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்து நிறுத்துகிறது, அவற்றுக்குள்தான் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. நீர் தேங்கும் டயர், வாளி, படகின் அடிப்பகுதி ஆகியவற்றை வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட்டால் கொசு முட்டை முழு வளர்ச்சி அடைவதற்குள் அழிந்துவிடும். அந்த வேலையையும் புதன்கிழமையோடு சேர்த்துவிடலாம்.

கோடை முடிந்து நீர் உயரத் தொடங்கும் முன், கயிற்றை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்திப் பைக்குள் மடித்து வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளின் தையலையும் கொக்கிகளையும் பார்த்து, கிழிந்தவற்றை ஒதுக்குங்கள். விளக்குகளையும் பாய்களையும் எடுத்துவிடலாம். கோடு போட்ட கழியை மட்டும் எடுக்க வேண்டாம். மழைக்காலத்து உயரத்தையும் யாராவது ஒருவர் எழுதி வந்தால், அடுத்த கோடையில் மணல் எங்கே புதிதாகப் படிந்திருக்கும், எந்தப் படி அரித்துப் போயிருக்கும் என்பதைக் கால் வைப்பதற்கு முன்பே ஓரளவு கணிக்கலாம்.